இடப்பக்கத்துக் கதிரை

1

எழுதத் தெரியாதவள் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கடிதங்களைத் தவிர வேறு எதுவும் எழுதியதில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே நான் எழுந்து குசினிக்குப் போய்விடுவேன். உங்கள் பத்திரிகையில் வெளிநாட்டில் இருப்பவர்கள் தாங்கள் பார்த்த இடங்களைப் பற்றி எழுதுகிறார்கள் என்று தங்கை இரண்டு பழைய இதழ்களை அனுப்பியிருந்தாள். படித்தேன். நன்றாக இருந்தன. ஒருவர் பாரிஸ் பற்றி எழுதியிருந்தார், இன்னொருவர் சுவிஸ் மலைகளைப் பற்றி. நான் அந்த இடங்கள் ஒன்றையும் பார்க்கவில்லை. ஆனால் ஐரோப்பாவுக்குள் போகும் பாதை ஒன்று முழுவதும் எனக்கு மனப்பாடம். அது எப்படி என்பதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

போன கிழமை நடந்த ஒரு சின்ன விஷயம்தான் என்னை எழுத வைத்தது. ஆஸ்திரேலியாவில், மெல்பேர்ணுக்குப் பக்கத்து டண்டினொங்கில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் பழங்களைத் தகரத்தில் அடைக்கிறார்கள். மத்தியானச் சாப்பாட்டு மேசையில் ஓர் இத்தாலியப் பெண் ஐரோப்பா வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு இருந்தாள். கல்யாணம் முடித்து மாப்பிள்ளையோடு கார் ஓட்டிக்கொண்டு போகப் போகிறாளாம். கலே துறைமுகத்தில் இறங்கி ஜேர்மனிக்கு எப்படிப் போவது என்று விரலால் தடவித் தேடிக்கொண்டிருந்தாள். நான் பாண் சாப்பிட்டபடியே, "டன்கேர்க், கென்ற், பிரசல்ஸ், லியேஜ், ஆகன், கொலோன்" என்று சொன்னேன். வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. பிறகு மியூனிக், சால்ஸ்பேர்க், சாக்ரெப், பெல்கிரேட் என்று ஏதென்ஸ் வரை வந்துவிட்டது. என்னால் நிறுத்த முடியவில்லை.

"நீ போயிருக்கிறாயா?" என்று அவள் வாயைப் பிளந்தாள்.

இல்லை என்று தலையாட்டினேன். பெல்கிரேட்டுக்குப் பிறகு நீஷ் என்று ஓர் ஊர் வரும். அதை விட்டுவிட்டேன். அடி விழும் என்று என் தோள் தானாக ஒடுங்கியது. அடி நின்று ஒரு வருடம் ஆகிவிட்டது, இன்னும் ஒடுங்குகிறது.

2

அவர் என்று நான் எழுதுவது என் கணவரை. ஸ்பிரிங்வேலில் செங்கல் வீடு ஒன்றில் அவரும் நானும் மகள் சுகந்தியும் வாடகைக்கு இருந்தோம். அவர் ஒரு பெரிய தொழிற்சாலையில் மெஷின் பூட்டும் ஃபிற்றர். கை நல்ல கை என்று எல்லோரும் சொல்வார்கள். வெளியில் சத்தமாகக் கூடப் பேசமாட்டார். தமிழ்ச் சனம் கூடும் இடத்தில் கதிரை அடுக்குவதற்கும் சோற்றுப் பானை தூக்குவதற்கும் முதலில் நிற்பவர் அவர்தான்.

நாங்கள் இங்கே வந்து ஆறாவது வருடத்தில் அவருக்கு ஐரோப்பா ஆசை பிடித்தது. லண்டனில் இருக்கும் அவருடைய தம்பி, படுக்கை வைத்த பழைய வான் ஒன்றை வாங்கி வைத்திருப்பதாக எழுதியிருந்தார். இங்கே அவர் மூன்று வருட லீவைச் சேர்த்துப் பத்துக் கிழமை எடுத்தார். லண்டனுக்கு விமானத்தில் போய், அங்கிருந்து வானில் ஒன்பது நாடுகள்.

"ஆறு வருசமா மெஷினுக்குக் கீழ மல்லாந்து கிடக்கிறன். ஒருக்கா எழும்பி உலகத்தைப் பாக்க வேணும், என்ன?" என்றார்.

தடித்த அட்லஸ் ஒன்று வாங்கி வந்து குசினி மேசையில் விரித்தார். போகும் பாதையைச் சிவப்புப் பென்சிலால் கீறினார். எந்தெந்த நாட்டுக்கு விசா வேண்டும் என்று கேட்டுக் கடிதங்கள் எழுதினார். ஒரு நாட்டின் அலுவலகம் மூன்று முறை அதே படிவத்தைத் திருப்பி அனுப்பியது. மூன்றாவது முறை வந்த அன்று அவர் படிவத்தைக் கிழிக்கவில்லை. கவனமாக மடித்து உறைக்குள் வைத்தார். பிறகு என் தலைமயிரைப் பிடித்து மேசையில் மோதினார். படிவத்தை நிரப்பியவள் சுகந்தி. நான் அதைத் தொட்டதே இல்லை.

இடப்பக்கத்து இருக்கையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். இங்கிலாந்து வானில் ஓட்டுபவர் வலப்பக்கம் இருப்பார். ஐரோப்பாவில் வாகனம் ஓடுவதும் வலப்பக்கம். ஆகவே முன்னால் ஒரு லொறி போனால், எதிரில் என்ன வருகிறது என்று ஓட்டுபவருக்குத் தெரியாது. இடப்பக்கம் இருப்பவர்தான் எட்டிப் பார்த்து, போகலாம் அல்லது பொறுங்கள் என்று சொல்ல வேண்டும். பிழையாகச் சொன்னால் எல்லோரும் போய்ச் சேர வேண்டியதுதான். தம்பி கடிதத்தில் இதை அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார்.

"தவம், நீதான் என்ர இடக்கண்," என்றார் அவர் என்னிடம்.

கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் அவர் எனக்குச் சொன்ன மிக நல்ல வார்த்தை அது. அந்தக் கிழமை முழுவதும் அதை நினைத்துக்கொண்டே பழம் அடைத்தேன். அடுத்த கிழமை பயிற்சி தொடங்கியது.

3

மெல்பேர்ணில் வாகனம் இடப்பக்கம் ஓடுவதால் தெருவில் பழக முடியாது. அவர் வரவேற்பறையில் மூன்று கதிரைகளைப் போட்டார். முன்னால் வலப்பக்கம் அவர், இடப்பக்கம் நான், பின்னால் சுகந்தி. சோற்றுப் பானையின் மூடி ஸ்ரியரிங். எங்களுக்கு முன்னால் சுவர். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு மணித்தியாலம். பிறகு கிழமையில் மூன்று நாள்.

"கலேயில கப்பலால இறங்கியாச்சு. அடுத்தது?"

"டன்கேர்க்."

"பிறகு?"

"... பிரசல்ஸ்."

"கென்ற் எங்கயடி? கென்றை உன்ர கொப்பர் வந்து சொல்லுவரோ?"

முதலில் குட்டு. பிறகு இரும்பு அடிமட்டம். ஃபிற்றர்மார் அளவெடுக்க வைத்திருப்பது. அகலம் குறைவு, ஆனால் ஓரம் கூர். விரல் மொளியில் விழுந்தது, தோளில் விழுந்தது, முகத்தில் விழுந்தது. என் இடது சுண்டுவிரல் முறிந்தது அப்போதுதான். தகரமூடி பட்டது என்று வேலையிடத்தில் சொன்னேன். தகரமூடி விரலை வெட்டும், முறிக்காது என்று மேற்பார்வையாளருக்குத் தெரியும். ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டார்.

ஊர்ப் பெயர்களை நான் படித்துவிட்டேன். லொறிதான் பிடிபடவில்லை.

"லொறி முன்னால. போகலாமோ?" என்பார்.

நான் சுவரைப் பார்ப்பேன். "போகலாம்" என்றால், "எதிரில பஸ்! மூண்டு பேரும் துண்டு துண்டு!" என்று அறைவார். "பொறுங்கோ" என்றால், "றோட்டு வெறுமையாக் கிடக்கு, குருட்டு மூதேவி!" என்று அறைவார். எட்டிப் பார்ப்பது போல் கழுத்தை நீட்டிப் பார்த்தும் சொன்னேன். நீட்டிய கழுத்தில் விழுந்தது. ஒரு நாள் கடைவாய்ப் பல் ஒன்று ஆடி, மறுநாள் பாண் துண்டோடு வந்துவிட்டது. சரியான பதில் ஒன்று இருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று நாலு மாதம் நம்பினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நம்பினேன்.

சுகந்திக்குப் பதினைந்து வயது. இங்கே வந்தபோது தமிழில் ஓயாமல் கதைத்த பிள்ளை, அந்த மாதங்களில் ஆங்கிலத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பின் கதிரையில் பேசாமல் இருப்பாள். முடிந்ததும் தன் அறைக்குப் போய் ரேடியோ போடுவாள். ஒரு நாள் குசினியில் என் முதுகுக்கு எண்ணெய் பூசிவிட்டபடி, "வை டூ யூ சிற் தெயர், மம்? ஜஸ்ற் டோன்ற் சிற்," என்றாள். அந்தக் கதிரையில் ஏன் இருக்கிறாய், இருக்காமல் விடு என்கிறாள்.

4

ஊரிலும் அவர் அடித்தவர்தான். மறைக்க விரும்பவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவுக்கு ஓலைக் கிடுகு வேலி. கை ஓங்கிய சத்தம் கேட்டாலே பக்கத்து வளவு மாமி அந்தப் பக்கத்திலிருந்து, "என்ன தம்பி, விடியக்காலமை தேங்காயோ உடைக்கிறியள்?" என்று கேட்பா. அவருக்குக் கூச்சம் வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். அந்த மாமி என்னைக் காப்பாற்றினா என்று சொல்ல மாட்டேன். அவவும் ஒரு நாள்கூட உள்ளே வந்து கேட்டதில்லை. ஆனால் அன்றைய அடி அதோடு நிற்கும்.

இங்கே செங்கல் சுவர். குளிருக்கு எல்லோரும் ஜன்னலைப் பூட்டி வைக்கிறார்கள். சத்தம் வெளியே போகாது, வெளியேயிருந்து ஒரு நக்கலும் உள்ளே வராது. ஆஸ்திரேலியாவில் என்ன குறை என்று கேட்டு எனக்குக் கடிதம் எழுதும் உறவுகளுக்கு நான் எழுதாமல் விட்டது இதுதான்.

ஆகவே பயணத்தை நினைத்தபோது எனக்குப் பயம் குளிரிலோ பாஷையிலோ இல்லை. பத்துக் கிழமை அந்த வானுக்குள் என்பதுதான். பகலில் நான் இடப்பக்கம், இராத்திரி அதே வானுக்குள் படுக்கை. நானும் சுகந்தியும் அவருடைய பாஸ்போட்டிலேயே பதியப்பட்டிருந்தோம். மூன்று பேருக்கும் ஒரே புத்தகம், அதுவும் அவருடைய சட்டைப் பைக்குள். காட்டுப் பாதை ஒன்றில் என்னை இறக்கிவிட்டுப் போனால், நான் யார் என்று சொல்ல என்னிடம் ஒரு கடதாசி இராது. உயிரோடு திரும்பி வரமாட்டேன் என்று எனக்குத் தோன்றியது. மிகைப்படுத்தி எழுதவில்லை.

ஒருமுறை லீலா அக்காவிடம் சொன்னேன். லீலா அக்காவும் கந்தசாமி அண்ணையும் கிரான்பர்னில் இருந்தார்கள். எங்களுக்கு இங்கே சொந்தம் போல இருந்தது அவர்கள் மட்டும்தான். அக்கா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தா. கத்தியை நிறுத்தவில்லை.

"ஆம்பிளையளுக்குக் கோபம் இருக்கும்தானே தவம். அவருக்கும் கலவரத்தில பட்ட அடி முதுகில கிடக்கு. எல்லாத்தையும் ஆரிட்டக் கொண்டுபோய்க் கொட்டுறது? நீ போட்டு வா. நாலு இடத்தைப் பாத்தால் ஆள் குளிர்ந்து போவார்."

அவர் முதுகில் தழும்பு இருப்பது உண்மை. கொழும்பில் தமிழன் என்று பஸ்ஸிலிருந்து இறக்கிப் பொல்லால் அடித்திருந்தார்கள். புதிதாகக் கல்யாணம் செய்தபோது அந்தத் தழும்பைத் தடவி நான் அழுதிருக்கிறேன். அதைச் சொல்லி அவரை மன்னிக்கவும் பார்த்தேன். ஆனால் அந்தப் பொல்லை ஓங்கியது நான் இல்லையே.

5

அடுத்த வீட்டில் இலோனா என்ற ஹங்கேரியப் பெண் தனியாக இருந்தா. அறுபது வயது. ரோஜாச் செடி வளர்ப்பா. எங்கள் இருவருக்குமே ஆங்கிலம் குறைவென்பதால் ஒருவரை ஒருவர் நன்றாக விளங்கிக்கொள்வோம். 'காப்பாற்றுங்கள்' என்பதற்கு ஜேர்மன் பாஷையில் என்ன என்று ஒரு நாள் வேலியடியில் கேட்டேன். இலோனா என் விரல் கட்டைப் பார்த்தா. என்ன ஏது என்று கேட்கவில்லை. அந்தச் சொல்லை மூன்று தரம் மெதுவாகச் சொல்லித் தந்தா.

பயணத்துக்கு ரிக்கற் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமைக்கு. அவர் ஊரிலிருந்து வந்த பஞ்சாங்கத்தை எடுத்தார். ஞாயிறு மேற்கே சூலம். ஐரோப்பாவோ மேற்கில். ரிக்கற்றை மாற்ற முடியாது.

இப்படி வந்தால் எங்கள் ஆட்கள் பரஸ்தானம் வைப்பார்கள். உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். நல்ல நாளில், நல்ல நேரத்தில், பயணப் பொருளை முன்கூட்டியே போகிற திசையில் உள்ள வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைப்பது. பொருள் போய்விட்டால் ஆள் புறப்பட்ட மாதிரி. அதற்குப் பிறகு அந்தப் பொருள் வீட்டுக்குத் திரும்பக் கூடாது. புறப்படும் நாளில் அந்த வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

வியாழக்கிழமை நல்லது என்று கண்டுபிடித்தார். பஞ்சாங்க நேரத்தோடு நாலரை மணித்தியாலம் கூட்டி, மெல்பேர்ணுக்குப் பின்னேரம் மூன்றரை என்று முடிவு செய்தார். கந்தசாமி அண்ணை தொலைபேசியில், "ஏனப்பா, சூலத்துக்கும் விசா குத்தியே இஞ்ச விட்டவங்கள்?" என்று பகிடி பண்ணினார். அவர் சிரிக்கவில்லை. கிரான்பர்ன் தெற்கே, வியாழன் தெற்கே சூலம், ஆகவே அண்ணை வீடு சரிவராது. மேற்குப் பக்கம் நாங்கள் அறிந்த வீடு ஒன்றுதான். இலோனாவின் வீடு.

நீலப் பை ஒன்றில் மூன்று பேருக்கும் ஒவ்வொரு மாற்றுடுப்பு வைத்தார். அட்லஸை வைத்தார். பாஸ்போட்டையும் ரிக்கற்றுகளையும் வைத்தார். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"முக்கியமான சாமான் போகாட்டி என்ன பரஸ்தானம்?" என்றார்.

இலோனாவுக்கு முன்னால் அட்லஸை எடுத்து விரித்து, சிவப்புக் கோட்டைப் பெருமையாகக் காட்டினார். இலோனா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தா. பிறகு ஹங்கேரிக்கும் ஒஸ்ரியாவுக்கும் நடுவே, அவருடைய கோடு தொடாத ஓர் இடத்தில் விரலை வைத்து, "இந்த இடத்தால் நான் நடந்து வந்தேன். கையில் ஒரு பை. மூன்று நாள்," என்று சொன்னா.

"நடந்தோ?" என்று அவர் சிரித்தார். "எங்களுக்கு வான் இருக்கு."

பையைக் கொடுக்கும்போது திரும்பத் திரும்பச் சொன்னார். ஞாயிறு காலை வரை யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. தானே வந்து கேட்டாலும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் பயணம் பிழைத்துவிடும். இலோனா தலையை ஆட்டிப் பையைத் தன் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினா.

6

வெள்ளிக்கிழமை அவர் நாலரைக்கே வந்துவிட்டார். வேலையிடத்தில் கேக் வெட்டி வழியனுப்பி, ஓட்டுநர் தொப்பி ஒன்று பரிசாகக் கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டே உள்ளே வந்தார். நல்ல சந்தோஷம்.

"வாங்கோ, கடைசித் தரம் ஓடிப் பாப்பம்," என்று கதிரைகளைப் போட்டார்.

அட்லஸ் இலோனா வீட்டில். எல்லாம் மனப்பாடமாகவே சொன்னேன். கலேயிலிருந்து பெல்கிரேட், நீஷ், ஸ்கோப்யே, தெசலோனிக்கி. ஒரு பிழை இல்லை. எனக்கே பெருமையாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

"லொறி முன்னால," என்றார். "போகலாமோ?"

நான் பார்த்தேன். சுவர் தெரிந்தது. சுவரில் இறைச்சிக்கடைக்காரன் கொடுத்த கலண்டர்.

"போகலாமோ எண்டு கேட்டனான்."

நான் கலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடிமட்டம் எழும்பியது.

"அப்பா," என்று பின்னாலிருந்து சுகந்தி சொன்னாள். கன நாளைக்குப் பிறகு தமிழில். "அங்க லொறி இல்லை. அது சுவர்."

அவர் திரும்பினார். அடிமட்டம் இருந்த கையாலேயே அவளுடைய இடக் கன்னத்தில் அடித்தார். கதிரையோடு சரிந்து விழுந்தாள். காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு ஓடியது. அதுவரை அவர் மகளைத் தொட்டதில்லை. தொட மாட்டார் என்ற நம்பிக்கையில் நான் பதினைந்து வருடம் படுத்துறங்கியிருக்கிறேன். விழுந்து கிடந்தவளை உதைக்கக் காலைத் தூக்கினார்.

நான் அவருடைய கையைக் கடித்தேன்.

அதை வேறு விதமாக எழுத எனக்குத் தெரியவில்லை. கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதையைப் பல்லால் பிடித்தேன், விடவில்லை. மற்றக் கையால் என் தலையில் குத்தினார். கதிரையின் முதுகுச் சட்டத்தில் என் தலையை மோதினார். ஒரு தரம், இரண்டு தரம். கண்ணுக்குள் வெள்ளையாகப் போனது. வாயில் உப்பாக அவருடைய ரத்தம் வந்தது. "விசர் நாய்! விடடி!" என்று அலறினார். பதினேழு வருடத்தில் அவர் அலறி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அடிமட்டம் கீழே விழுந்த சத்தம் கேட்டுத்தான் பல்லைத் திறந்தேன். சுகந்தி என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்கதவால் ஓடினாள்.

இலோனா முற்றத்தில் இலை கூட்டிக்கொண்டிருந்தா. எங்களைக் கண்டதும் உள்ளே தள்ளி, தானும் வந்து கதவைப் பூட்டினா. கையில் இருந்த இலை வாரும் இரும்பு முள்ளைக் கீழே வைக்கவில்லை.

அவர் காரிலிருந்து சில்லுக் கழற்றும் கம்பியை எடுத்துக்கொண்டு வந்தார். தொப்பி இன்னும் தலையில் இருந்தது. வாசல் கதவில் பாதிக்கு மேல் கண்ணாடி. அதற்கு வெளியே நின்று, "பை! என்ர பையைத் தா!" என்று ஆங்கிலத்தில் கத்தினார். பெண்சாதியைக் கேட்கவில்லை. பிள்ளையைக் கேட்கவில்லை.

"நீதானே சொன்னாய், உனக்கே தரக்கூடாது என்று," என்றா இலோனா. "இன்றைக்கு வெள்ளி."

கம்பி விழுந்தது. கண்ணாடி முழுவதும் உள்ளே கொட்டியது. ஓட்டைக்குள்ளால் பூட்டைத் திறக்கக் கையை விட்டார். இலோனா இரும்பு முள்ளை அவருடைய நெஞ்சில் ஊன்றித் தள்ளினா. அவர் கையை உருவியபோது உடைந்த கண்ணாடி முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கிழித்தது. அப்போதும் கம்பியை வீசினார். அது சுவரில் பட்டு, அங்கே மாட்டியிருந்த படத்தை நொறுக்கியது. எதிர்வீட்டு ஆண்கள் இரண்டு பேர் ஓடி வந்து அவரைப் புல்லில் குப்புறப் போட்டு, முதுகில் முழங்காலை ஊன்றிக்கொண்டு இருந்தார்கள். பொலிஸ் வரும்வரை அவர் தமிழில் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தார். அந்தச் சொற்களை இங்கே எழுத முடியாது.

வந்த பொலிஸ்காரர் குறிப்புப் புத்தகத்தை எடுத்து அவருடைய பெயரை என்னிடம் கேட்டார். நான் ஒரு நாளும் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. அந்த நேரத்திலும் வரவில்லை. சுகந்தி சொன்னாள். உறவு என்ன என்று கேட்டார். கணவர் என்றதும் புத்தகத்தை மூடிவிட்டார். குடும்ப விஷயத்தில் தாங்கள் தலையிடுவது கஷ்டம், நான் வீட்டுக்குப் போகப் போகிறேனா என்று விசாரித்தார். என் நெற்றி பிளந்து இருந்தது. பிள்ளையின் கழுத்தெல்லாம் ரத்தம்.

இலோனா பொலிஸ்காரருடைய சட்டைக் கையைப் பிடித்தா. "அவள் அவனுடைய மனைவி. நான் அவனுடைய மனைவி இல்லை. என் கதவை எழுது."

அவர் புத்தகத்தைத் திரும்பத் திறந்தார். கண்ணாடியின் நீளம், அகலம், உடைந்த படம், கம்பி எல்லாம் எழுதினார். அந்தக் கண்ணாடிக்காகத்தான் அவரைக் கொண்டுபோனார்கள். எங்களை இலோனா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனா. எனக்கு ஒன்பது தையல். சுகந்திக்கு இடது செவிப்பறை கிழிந்துவிட்டது.

7

சனிக்கிழமை காலை பொலிஸ் அவரை விட்டுவிட்டது. கந்தசாமி அண்ணைதான் போய் ஏற்றி வந்தார். என் கணவர் காரிலேயே இருந்தார். அண்ணையும் லீலா அக்காவும் இலோனாவின் வீட்டுக்குள் வந்து, கண்ணாடித் தூளில் கால் வைக்காமல் ஓரமாக நின்றார்கள்.

"தவம், நாளைக்கு பிளேன்," என்றா லீலா அக்கா. "கோபத்தில நடந்து போச்சு. ஆள் பொலிஸ் ஸ்ரேசன்ல அழுதவராம். ஊருக்கெல்லாம் எழுதியாச்சு, தம்பி லண்டனில பாத்துக்கொண்டு நிக்கிறார். போகாமல் விட்டால் சனத்துக்கு என்ன சொல்லுறது? பிள்ளைக்கு விழுந்து காதில அடிபட்டது எண்டு சொல்லலாம்."

"லீலா அன்ரி," என்றாள் சுகந்தி, காதுப் பஞ்சைத் தொட்டபடி. "இந்தப் பக்கம் வந்து நிண்டு சொல்லுங்கோ. அந்தக் காது கேக்காது."

அக்கா குனிந்து கண்ணாடித் தூளைப் பார்த்தா.

கந்தசாமி அண்ணை தொண்டையைச் செருமினார். "நீர் போறதும் விடுறதும் உம்மட விருப்பம், தங்கச்சி. ஆனால் பாஸ்போட் இல்லாமல் அவன் போகேலாது. அவன்ர பையைக் குடுத்து விடும்."

இலோனா அலுமாரியைத் திறந்து, நீலப் பையை எடுத்து என் மடியில் வைத்தா. "அவன் சொன்ன நாள் நாளை. ஆனால் இது உன்னுடைய பையும்தான். நீ சொல்," என்றா.

கொடுக்காவிட்டால் அவர் போகமாட்டார். இதே தெருவில், அடுத்த வீட்டில், கம்பியோடு இருப்பார். கொடுத்தால், எங்கள் இரண்டு பேரின் பெயரும் உள்ள ஒரே புத்தகம் அவரோடு போய்விடும். பிறகு நான் எந்த அரசாங்கக் கந்தோரில் போய் நின்றாலும், நான் இன்னார் என்று காட்ட ஒன்றும் இராது. பாஸ்போட்டைத் திறந்து என் படத்தைப் பார்த்தேன். படத்திலும் தலையைக் குனிந்துகொண்டுதான் இருந்தேன்.

என் உடுப்பையும் சுகந்தியின் உடுப்பையும் வெளியே எடுத்தேன். எங்கள் ரிக்கற் இரண்டையும் எடுத்தேன். உள்ளே மிஞ்சியது பாஸ்போட், அவருடைய ரிக்கற், அட்லஸ், அவருடைய சட்டை. பையை மூடி, நானே தூக்கிக்கொண்டு காரடிக்கு நடந்தேன். எதிர்வீட்டு ஆள் ஒருவர் புல்லுக்குத் தண்ணீர் விடுவதாகச் சொல்லிக்கொண்டு வெளியில் நின்றார். மழைக்காலத்தில் யார் புல்லுக்குத் தண்ணீர் விடுவார்கள்?

அவர் என்னைப் பார்க்கவில்லை. கை முழுவதும் கட்டு. "ஏறு. அண்ணை வீட்டை போவம்," என்றார்.

"நான் வரேல்லை."

"என்ன?"

"நான் வரேல்லை. சுகந்தியும் வராள்." என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் கேட்டது வேறு.

"அப்ப இடப்பக்கம் ஆர் இருக்கிறது? எதிரில வாறதை எனக்கு ஆர் பாத்துச் சொல்லுறது?"

பகிடிக்குக் கேட்கவில்லை. முகத்தில் பயம் இருந்தது. அந்தப் பயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு கணம் என் மனம் இளகியது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

"லொறிக்குப் பின்னாலயே போங்கோ," என்றேன். "உங்களுக்கு என்ன அவசரம்?"

கட்டுப் போட்ட கை ஜன்னலுக்கு வெளியே எழும்பியது. நான் அசையவில்லை. அசைய முடியவில்லை என்பதுதான் சரி. எதிர்வீட்டு ஆள் தண்ணீர்க் குழாயை நிறுத்தினார். கை அப்படியே நின்று, மெதுவாக இறங்கி, பையின் பிடியைப் பிடித்தது. கந்தசாமி அண்ணை ஏறிக் காரை எடுத்தார். லீலா அக்கா பின் இருக்கையில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனா.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மழை. விமானம் மத்தியானம் ஒரு மணிக்குப் புறப்பட்டதாகவும், அவர் அதில் போனதாகவும் அண்ணை இலோனாவின் தொலைபேசிக்கு எடுத்துச் சொன்னார். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. நான் அன்று இலோனா வீட்டில் பின்னேரம் மூன்று மணி வரை நித்திரை கொண்டேன்.